முயல் ஏன் கழற்சிக்காயை விற்றது?

அந்தக் காட்டில் கரடிக்கும் மயிலுக்கும் முயலுக்கும் அணிலுக்கும் முள்ளம்பன்றிக்கும் இலுப்பைப் பூ என்றால் உயிர்.

பின்னே, இருக்காதா? கோடை வந்தால் காட்டில் புல் காய்ந்துவிடும். ஓடை சுருங்கிவிடும். கிழங்கு தோண்டினால் நகம்தான் உடையும். அந்தச் சமயத்தில்தான் ஓடைக்கு அக்கரையில் நிற்கிற பெரிய இலுப்பை மரம் விடிகாலையில் பொலபொலவென்று பூவைக் கொட்டும். வெல்லம் மாதிரி இனிக்கும். அள்ளிக் காயவைத்துக்கொண்டால் கோடை முழுக்கக் குடும்பத்துக்குக் கவலையில்லை.

முன்பெல்லாம் அந்தப் பூவுக்காகப் பெரிய ரகளை நடக்கும். மயிலின் தோகையைக் கரடி மிதிக்கும். கரடியின் மூக்கில் முள்ளம்பன்றியின் முள் ஏறும். சண்டை முடிந்து பார்த்தால் பூவெல்லாம் காலடியில் கூழாகிக் கிடக்கும்.

அதனால் எல்லாம் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தன. கரடி கருப்பண்ணன் மரத்துக்குக் காவல். அது கோலிக்குண்டு மாதிரி கெட்டியான கழற்சிக்காய்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் நகத்தால் ஒரு கீறல் போட்டு எல்லாருக்கும் கொடுத்தது. யாரிடம் எத்தனை காய் இருக்கிறதோ, பூ விழும்போது அத்தனை பங்கு. சண்டை நின்றது.

ஆனால் சும்மா இருக்க முடியுமா?

"எங்கிட்ட கடலை தீர்ந்துபோச்சு. இந்தா, என் காயை நீ வச்சுக்க. கொஞ்சம் கடலை குடு!" என்று ஒன்று ஆரம்பித்தது. அவ்வளவுதான். ஓடைக்கு இக்கரையில் இருந்த மேட்டுப்பாறை சந்தையாகிவிட்டது. மைனா பேச்சி பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டு விலை கூவியது. ஒரு காய் கைமாறினால் அதற்கு ஒரு கடலை கூலி. விலை ஏறினாலும் ஒரு கடலை, இறங்கினாலும் ஒரு கடலை. அதனால் பேச்சிக்கு மட்டும் எந்த நாளும் நல்ல நாள்தான்!

"ஒரு காய் ஆறு கொட்டாங்கச்சி கடலை!"

"எட்டு!"

"பத்து! பத்து! பத்து!"

காலையில் எழுந்ததும் எல்லாம் பாறைக்கு ஓடின. மரத்தடிக்குப் போவதை மறந்தே போயின. காவல்காரக் கரடிகூடப் பாறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. "அங்கே என்ன இருக்கு, மரம் நின்னுக்கிட்டு இருக்கு. இங்கேதான் சமாச்சாரம்!" என்றது.

அணில் சிட்டாயியும் பாறைக்குப் போனது. அதற்கு மூன்று குட்டிகள். மூன்றும் எப்போது பார்த்தாலும் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். இந்தக் கோடைக்குப் பயம் இல்லாமல் இருக்கட்டும் என்று பனைமரப் பொந்தில் சேர்த்து வைத்திருந்த கடலை முழுவதையும் கொடுத்து, பத்து கொட்டாங்கச்சி விலைக்கு இரண்டு காய் வாங்கிவிட்டது. பொந்தில் மிஞ்சியது கொஞ்சம் நொறுங்கலும் தோலும்தான்.

"அம்மா, கடலை எங்கேம்மா?"

"கடலை பூவாகப் போகுதுடா. கோடையில பாருங்க!"

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் முயல் வெள்ளையப்பன் பாறைக்கு வந்தது. தன்னிடம் இருந்த காய்களையெல்லாம் ஒன்று விடாமல் விற்றது. கடலையை மூட்டையாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு குடுகுடுவென்று கிளம்பியது.

சங்கதி இதுதான். வெள்ளையப்பனின் மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. கல்யாணப் பந்திக்குக் கடலை வேண்டும். ஆனால் அதன் பெண்டாட்டி செவந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"நிச்சயம் முடியற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது! போன தடவை முன்கூட்டியே சொல்லித்தான் சம்பந்தம் கலைஞ்சுது. உங்க வாய் ஒரு வாயா!"

அதனால் மயில் அழகேசன் வழிமறித்தபோது வெள்ளையப்பனுக்கு வியர்த்துவிட்டது.

"என்ன மாமா, எல்லாக் காயையும் குடுத்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ளே... ஒரு சின்ன சோலி."

"என்ன சோலி?"

"அது... வந்து... வீட்ல சொல்லக் கூடாதுன்னு..." வெள்ளையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டது. காதை மடக்கிக்கொண்டு புதருக்குள் பாய்ந்துவிட்டது.

அழகேசன் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பாறைக்கு வந்து கரடியின் காதில் சொன்னது.

"வெள்ளையப்பன் மாமாவுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. சொல்ல மாட்டேங்குறாரு!"

கரடி காட்டுப்பன்றியிடம் சொன்னது. காட்டுப்பன்றி காட்டுக்கோழியிடம் சொன்னது. காட்டுக்கோழியிடம் சொன்னால் காட்டில் சொன்ன மாதிரிதான். மத்தியானத்துக்குள், 'மரத்தின் வேரில் பூச்சி விழுந்ததை முயல் தன் கண்ணால் பார்த்ததாம்' என்று கதை முழுசாகிவிட்டது.

"ஒரு காய் எட்டு!" என்று கூவியது பேச்சி. "ஏழு! ஏழுக்கு யாரு?"

அன்று சாயங்காலம் காற்று வேறு அடித்தது. அக்கரையில் இலுப்பை மரத்திலிருந்து இலை உதிர்ந்து பறந்தது.

"பாத்தீங்களா! இலை கொட்டுது! மரம் பட்டுப்போகுது!"

வருஷா வருஷம் கொட்டுகிற இலைதான். போன வருஷம் கொட்டியபோது ஒன்றுகூட அண்ணாந்து பார்க்கவில்லை. இந்த வருஷம் ஒவ்வொரு இலையும் விழும்போது பாறையில் ஒவ்வொரு நெஞ்சும் விழுந்தது.

"ஆறு! அஞ்சு!"

மறுநாள் அழகேசன் கூட்டம் போட்டது. பாறைமேல் ஏறித் தோகையை விரித்துக்கொண்டு பேசியது.

"பயந்து பயந்து விக்கிறதாலதான் விலை இறங்குது! நாம ஒத்துமையா இருந்தா எப்படி இறங்கும்? ஒருத்தரும் ஒரு காய்கூட விக்கக் கூடாது! இது நம்ம காடு, நம்ம மரம்!"

"நம்ம மரம்!" என்று எல்லாம் கத்தின.

"பாறைமேல கால் வச்சுச் சத்தியம் பண்ணுங்க!"

கரடி கால் வைத்தது. காட்டுப்பன்றி கால் வைத்தது. சிட்டாயியும் தன் சின்னக் காலை வைத்தது. முள்ளம்பன்றி ஊசிக்காத்தான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து முள்ளைக் கோதிக்கொண்டிருந்தது.

"ஊசிக்காத்தான் அண்ணே, நீங்க சத்தியம் பண்ணலையா?" என்று கேட்டது சிட்டாயி.

"நான்தான் விக்கவே இல்லையே தாயி. எனக்கெதுக்குச் சத்தியம்?" என்று சாதுவாகச் சொன்னது அது.

அதன் வளையில் கடலை குவிந்து கிடந்தது. காட்டில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்வதுதான் அதன் தொழில். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கடலை வரும். சரி, வெள்ளையப்பன் மகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஊசிக்காத்தான்தான்! முயல் ஏன் விற்றது என்று காட்டில் அதற்கு ஒன்றுக்குத்தான் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. விற்க வந்த காயையெல்லாம் இறங்கின விலைக்குச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, சூரியன் வருவதற்கு முன்னாலேயே அழகேசன் யாருக்கும் தெரியாமல் ஊசிக்காத்தானின் வளைக்குப் பின்பக்கமாகப் போனது. இறக்கைக்குள் காய்களை ஒளித்து வைத்திருந்தது. புதரைச் சுற்றித் திரும்பினால், எதிரே கருப்பு மலை மாதிரி கரடி!

"என்ன அழகேசா, இந்தப் பக்கம்?"

"சும்மா... மழை வருமான்னு பாக்க வந்தேன். நீங்க?"

"நான் காலாற நடந்தேன்."

இரண்டும் சேர்ந்து வானத்தைப் பார்த்தன. ஒரு மேகம்கூட இல்லை. அப்போது அழகேசனின் இறக்கையிலிருந்து ஒரு காய் நழுவி, 'டொக்'கென்று கரடியின் கால்மேல் விழுந்தது. கரடி கீழே குனிந்தது. அதன் கக்கத்திலிருந்து மூன்று காய் விழுந்தது!

"சரி, சரி. வரிசையில நில்லு!" என்றது புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றியின் குரல். "நான்தான் முதல்ல வந்தேன்!"

விடிந்து பார்த்தால், நேற்றுச் சத்தியம் செய்த எல்லாக் கால்களும் அங்கே வரிசையில் நின்றன.

சிட்டாயியும் ஓடி வந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. இரவெல்லாம் மூன்று குட்டிகளும் பசியில் நச்சரித்திருந்தன. வாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காய் அடக்கியிருந்ததால் கன்னம் உப்பியிருந்தது.

"மும்ம்... கும்ம்பண்ணே!" என்றது.

"துப்பிட்டுப் பேசு தாயி!" என்றது கரடி.

சிட்டாயி காய்களைத் துப்பியது. "கருப்பண்ணே, நீங்களுமா? காவல்காரரே விக்க வந்துட்டீங்கன்னா மரம் நெசமாவே பட்டுப்போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து சாயங்காலம் பேச்சி மூணுன்னு கூவினா. கால் தன்னால நடந்துருச்சு."

"மரத்தைப் போய்ப் பாத்தீங்களா?"

"மரத்தை எதுக்குப் பாக்கணும்? அதான் விலையைக் கூவுறாளே!"

சிட்டாயி கணக்குப் போட்டது. பத்துக்கு வாங்கியதை மூன்றுக்கு விற்றால் கிடைக்கிற கடலை கோடை பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும். விற்காமல் வைத்திருந்து மரம் பூக்காவிட்டால், அந்த மூன்றும் போய்விடும். இரண்டு பக்கமும் குட்டிகள் பட்டினி.

'விக்கிறதுதான் விக்கிறோம். ஒரு தடவை பாத்துட்டு வந்தாவது விப்போமே!' என்று தோன்றியது. ஒரு முருங்கைக்காய் வாங்கினால்கூட முறுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

"மாமா, என் இடத்தைப் பாத்துக்கங்க!" என்று காட்டுப்பன்றியிடம் சொல்லிவிட்டு, ஓடையின் மேல் விழுந்து கிடந்த கட்டை வழியாக அக்கரைக்குப் பாய்ந்தது.

மரத்தடியில் போய் நின்றதும் சிட்டாயிக்குப் பகீர் என்றது. மரம் மொட்டையாக நின்றது. ஓர் இலை இல்லை. கீழே சருகு முழங்கால் அளவு கிடந்தது.

'போச்சு! எல்லாரும் சொன்னது சரிதான் போலிருக்கே!'

ஆனாலும் வந்தது வந்தாயிற்று. ஏறியது. பட்டையைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தது. உள்ளே ஈரம்! இன்னும் மேலே ஏறியது. கிளை நுனிக்குப் போனது. அங்கே பழுப்பு நிறத்தில், பூனைக்காது மாதிரி மெத்தென்று என்னவோ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தது. பால் வடிந்தது.

மொட்டு! அடுத்த கிளையிலும் மொட்டு. அதற்கடுத்த கிளையிலும் மொட்டு. அண்ணாந்து பார்த்த பக்கமெல்லாம் மொட்டு!

சிட்டாயி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

"விக்காதீங்க! விக்காதீங்க! மரம் நல்லா இருக்கு! மரம் முழுக்க மொட்டு!"

வரிசை திரும்பிப் பார்த்தது. அழகேசன் கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

"உங்கிட்ட எத்தனை காய் இருக்கு?"

"ரெண்டு."

"அப்ப நீ அப்படித்தான் சொல்லுவே! விலை ஏறணும்ல!"

"நேத்து விக்கக் கூடாதுன்னு தோகையை விரிச்சுக்கிட்டுக் கத்தினீங்களே, அப்ப உங்ககிட்ட எத்தனை இருந்துச்சு?"

"அது வேற!" என்றது அழகேசன். "அது காட்டு நன்மைக்கு."

"சரி, என்னை நம்ப வேணாம். கருப்பண்ணே, நீங்க மரம் ஏறுவீங்கல்ல? நீங்களே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன்!"

கரடி அக்கரையைப் பார்த்தது. தனக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தது. தனக்குப் பின்னால் நின்ற வரிசையையும் பார்த்தது.

"போயிட்டு வந்தா என் இடம் போயிருமே தாயி!"

ஊசிக்காத்தான் வளைக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது.

"சிட்டாயி, பாவம், பிள்ளைக்காரி நீ. உன் காய் ரெண்டையும் குடுத்துடு. உனக்காக மூணரை போட்டுத் தர்றேன்."

"மரம் பட்டுப்போச்சுன்னா உங்களுக்கு எதுக்கு அண்ணே இத்தனை காய்?"

ஊசிக்காத்தானுக்கு இருமல் வந்துவிட்டது. "அது... சும்மா... பிள்ளைங்க உருட்டி விளையாட!"

எல்லாம் சிரித்தன. ஊசிக்காத்தானுக்குப் பிள்ளையே கிடையாது! நன்றாகச் சிரித்தன. சிரித்து முடித்துவிட்டு, ஒவ்வொன்றாக உள்ளே போய் விற்றன.

சிட்டாயி விற்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் லேசான நாட்கள் இல்லை. விலை ஒன்றுக்கு வந்தது. பிறகு அரைக்கு வந்தது. வழியில் பார்க்கிறவையெல்லாம் கேலி பேசின.

"என்ன சிட்டாயி, இன்னைக்கு என்ன சாப்பாடு? கழற்சிக்காய்ப் பொரியலா?"

"இல்லக்கா, கழற்சிக்காய் ரசம்!" என்று சிட்டாயியும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். புல்விதையும் மரப்பட்டையும் பொறுக்கி வந்து குட்டிகளுக்குக் கொடுக்கும்.

"அம்மா, கடலை!"

"இருங்கடா. அம்மா மொட்டைப் பாத்துட்டு வந்துட்டேன்ல."

குட்டிகள் தூங்கிய பிறகு அதற்கே சந்தேகம் வரும். காலையில் எழுந்து அக்கரைக்கு ஓடும். மொட்டு முந்தின நாளைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். மனசு தெளிந்து திரும்பி வரும். பாறைப் பக்கம் மட்டும் போகாது.

ஒரு நாள் காலையில் மேட்டுப்பாறையில் திடீரென்று தடபுடல். வெள்ளையப்பனும் செவந்தியும் காதில் மஞ்சள் பூசிக்கொண்டு, வெற்றிலையும் கையுமாக வந்து நின்றன.

"எங்க பொண்ணுக்குக் கல்யாணம்! எல்லாரும் குடும்பத்தோட வந்து சாப்பிட்டு, பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணணும்!"

அழகேசன்தான் முதலில் பேசியது.

"மாமா... அன்னைக்குக் காயை வித்தீங்களே... அது..."

"கல்யாணச் செலவுக்குத்தான் மாப்ளே! பந்திக்குக் கடலை வேணாமா?"

"வேர்ல பூச்சி?"

"எந்த வேர்ல?"

"அடப்பாவி மாமா! அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?"

செவந்தி முன்னால் வந்தது. "சொன்னா விட்டிருப்பீங்களா? போன தடவை எம்மக காது மடிஞ்சிருக்குன்னு மாப்பிள்ளை வீட்ல போய்ப் பத்தவச்சது யாரு?"

எல்லாம் பேச்சியைப் பார்த்தன. பேச்சி வானத்தைப் பார்த்தது.

"இடம் பாத்துக் குடுத்தது யாரு?" என்று கரடி மெதுவாகக் கேட்டது.

"வேற யாரு? நம்ம ஊசிக்காத்தான் அண்ணன்தான்! தங்கமான மனுசன். ஒரு வார்த்தை வெளியே விடலையே!"

எல்லாத் தலைகளும் ஊசிக்காத்தான் பக்கம் திரும்பின. அதன் முள்ளெல்லாம் தானாக நிமிர்ந்தது.

"நான் என்ன பண்றது? வாயைத் திறக்க மாட்டேன்னு செவந்திக்கு வாக்குக் குடுத்துட்டேன்!"

"வாயைத் திறக்கலை," என்றது கரடி. "வளையை மட்டும் திறந்து வச்சிருந்தே!"

அதற்கு மேல் கேட்க வேண்டுமா? "என் காயைத் திருப்பிக் குடு!" என்று ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. பேச்சிக்குப் பழையபடி தொண்டை திறந்துகொண்டது. "பத்து! பன்னிரண்டு! பதினஞ்சு!" ஆனால் வாங்கக் கடலை ஏது? காய் விற்ற கடலையைத்தான் எல்லாம் உட்கார்ந்து கொறித்துவிட்டனவே!

கல்யாணம் நடந்த மறுவாரம் இலுப்பை பூத்தது. விடிகாலையில் பொலபொலவென்று கொட்டியது. காடே மணத்தது. சிட்டாயி தன் பங்கு இரண்டையும் வாங்கி, சுத்தமான பாறையில் பரப்பிக் காயவைத்தது. மூன்று குட்டிகளும் அதன்மேலேயே உருண்டன. ஒரு பூவைத் தின்றன, ஒரு பூவை வாலில் ஒட்டிக்கொண்டு ஓடின. பொந்து நிறைந்தது.

வெள்ளையப்பனுக்கும் குறையில்லை. நல்ல விலை இருந்தபோது எல்லாக் காயையும் விற்றது அது ஒன்றுதான். அதற்குக் காரணம் புத்தி இல்லை, கல்யாணம்!

பாவம், கருப்பண்ணன்தான். தான் காவல் காக்கிற மரத்தில் தனக்கு ஒரு பங்கும் இல்லாமல், எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றது. ஊசிக்காத்தான் வாய் நிறையப் பூவோடு, "நல்லாக் காவல் பாருண்ணே, காக்கா வருது!" என்று வேறு சொன்னது.

அழகேசன் தோகையை மடக்கிக்கொண்டு சிட்டாயியின் பக்கமாக வந்தது.

"மரம் நல்லா இருக்குன்னு எங்களுக்கும் சொல்லியிருக்கக் கூடாதா, சிட்டாயி?"

"சொன்னேனே மயிலண்ணே! தொண்டை கிழியக் கத்தினேனே!"

"நீ உன் லாபத்துக்குச் சொல்றேன்னுல்ல நினைச்சேன்."

"என் லாபத்துக்கும் சேத்துத்தான் சொன்னேன்," என்றது சிட்டாயி. "அதுக்காக மரத்துல இருந்த மொட்டு இல்லன்னு ஆயிருமா?"

சிட்டாயி ஒரு பிடி பூவை அள்ளி அழகேசன் முன்னால் வைத்துவிட்டு, கரடிக்கும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனது. பூவைக் கொடுத்துவிட்டு அதன் காதில் சொன்னது: "அடுத்த வருஷம் இலை கொட்டும்போது வரிசையில நிக்காதீங்க கருப்பண்ணே. மரத்துல ஏறுங்க!"

விலை இறங்கும்போது விற்கிறவரின் முகத்தையும் விலை கூவுகிறவரின் வாயையும் பார்த்துப் பதறாமல், நம் பங்கு இருக்கிற மரத்தில் மொட்டு இருக்கிறதா என்று நாமே ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும்.